மூன்று ஜோடிக் காலுறைகள்

1953ஆம் ஆண்டு நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். இங்கிலாந்துக்கும் ஹங்கேரிக்கும் கால்பந்தாட்டம். ஐரோப்பாக் கண்டத்திலிருந்து வந்த எந்த அணியும் அதுவரை இங்கிலாந்தை அதன் சொந்த மண்ணில் வென்றதில்லை. கால்பந்தை உலகுக்குக் கொடுத்தவர்கள் நாங்கள் என்ற நினைப்பு அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இருந்தது. ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே ஹங்கேரியின் ஹிதெகுதி கோல் அடித்தார். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 6-3. தோல்வியைவிட அது வந்த விதம்தான் அங்கிருந்தவர்களைக் கலங்க வைத்தது. பந்து எங்கே போகிறது, யார் யாரைக் காவல் காப்பது என்பதே இங்கிலாந்து வீரர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்தக் கூட்டத்தில் எழுபத்தொரு வயது முதியவர் ஒருவர் இருந்தார். பர்மிங்காம் நகரத்து ஆஸ்டன் வில்லா கழகத்தின் இளம் வீரர்களை அவர் அழைத்து வந்திருந்தார். கால்பந்தை எப்படி ஆட வேண்டும் என்று அந்தப் பையன்களுக்குப் பலகாலமாகச் சொல்லி வந்ததை அன்று கண்ணால் காட்டிவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆட்டம் முடிந்த பின் ஹங்கேரிக் கால்பந்துச் சங்கத்தின் தலைவர் ஷாந்தோர் பார்ச், கால்பந்தில் தங்களுக்குத் தெரிந்தது எல்லாம் ஓர் ஆங்கிலேயர் கற்றுக்கொடுத்ததே என்றார். அவர் குறிப்பிட்ட பெயர் ஜிம்மி ஹோகன். பையன்களோடு பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த முதியவர்தான் அவர்.

அவருடைய நாட்டில் பலர் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்கள். கேட்டவர்களில் சிலர் அவரைத் துரோகி என்றார்கள். அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி 2003இல் வெளியிட்ட நார்மன் ஃபாக்ஸ், தீர்க்கதரிசியா துரோகியா என்ற கேள்வியையே நூலின் தலைப்பாக வைத்தார். கேள்வி அவ்வளவு கடினமானதல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் யாருக்குக் கற்றுக்கொடுத்தார், யார் கற்றுக்கொள்ள மறுத்தார்கள் என்ற இரண்டையும் வரிசைப்படுத்திப் பார்த்தாலே போதும்.

*

ஹோகன் 1882 அக்டோபர் 16 அன்று லங்காஷயர் வட்டாரத்தில் நெல்சன் என்ற ஆலை ஊரில் பிறந்தவர். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தகப்பனார் பருத்தி ஆலைத் தொழிலாளி. மகன் பாதிரியாராக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. அதற்காக மான்செஸ்டரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் தங்கிப் படிக்க அனுப்பினார். மகனுக்குக் கால்பந்துதான் வாய்த்தது. நெல்சன், பர்ன்லி, ஃபுல்ஹாம், ஸ்விண்டன், போல்டன் என்று கழகம் மாறிக்கொண்டே இருந்த, திறமையுள்ள, ஆனால் பெரும்புகழ் பெறாத முன்கள ஆட்டக்காரர். 1908இல் இங்கிலாந்துக் கோப்பையின் அரையிறுதிவரை சென்ற ஃபுல்ஹாம் அணியில் இருந்தது அவர் ஆட்ட வாழ்க்கையின் உச்சம் எனலாம்.

பர்ன்லியில் நடந்ததாக அவர் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. ஓர் ஆட்டத்தில் நல்ல வாய்ப்பு கிடைத்து அவர் உதைத்த பந்து கோல் கம்பத்துக்கு மேலே பறந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் தன் அணியின் பொறுப்பாளரிடம் போய், நான் செய்த பிழை என்ன, கால் வைத்த இடம் தவறா, உடலின் சமநிலை தவறா என்று கேட்டார். அடித்துக்கொண்டே இரு, பத்தில் ஒன்று உள்ளே போய்விடும் என்பதுபோல ஒரு பதில்தான் வந்தது. இளைஞனின் ஆர்வத்தை அணைக்க இது போதுமானது. ஹோகனுக்கு நேர்மாறாக ஆயிற்று. ஒரு செயலைச் சரியாகச் செய்யும் வழி ஒன்று இருக்குமானால் அதைக் கண்டுபிடிக்கலாம், கண்டுபிடித்தால் கற்பிக்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் அவருக்குத் தொடங்கியது.

இன்று இது மிகச் சாதாரணமான எண்ணம். அன்றைய இங்கிலாந்தில் அப்படியல்ல. ஆட்டத் திறமை பிறவியில் வருவது, பயிற்சி என்பது உடம்பைத் தயார்செய்வது மட்டுமே என்பது கழகங்களின் நம்பிக்கை. வாரம் முழுவதும் மைதானத்தைச் சுற்றி ஓடச் செய்வார்கள். பந்தைக் கண்ணில் காட்டமாட்டார்கள். வாரநாட்களில் பந்துக்கு ஏங்கினால்தான் சனிக்கிழமை ஆட்டத்தில் அதன்மேல் பசியோடு பாய்வான் என்பது அதற்கான விளக்கம். ஆனால் சனிக்கிழமை பந்து காலுக்கு வரும்போது அதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியாது.

ஒரு கோடைச் சுற்றுப்பயணத்தில் போல்டன் அணி ஹாலந்துக்குப் போனது. டோர்ட்ரெக்ட் என்ற ஊரின் அணியைப் பத்துக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்கடித்தது. சக ஆட்டக்காரர்கள் சிரித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். ஹோகனோ, திரும்பி வந்து இவர்களுக்கு ஒழுங்காக ஆடக் கற்றுக்கொடுப்பேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 1910இல், இருபத்தெட்டாவது வயதில், அதே டோர்ட்ரெக்ட் அணிக்குப் பயிற்சியாளராகவும் ஆனார். அந்த அணியினர் அமெச்சூர்கள்; பலர் மாணவர்கள். ஆட்டத்துக்காக யாரும் கூலி வாங்கவில்லை. ஏன் இப்படி, எதற்காக இது என்று கேட்கும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் கேட்கக் கூச்சப்படும் கேள்விகள் இவை. பர்ன்லியில் தான் கேட்டு விடை கிடைக்காத கேள்விகளை இப்போது மற்றவர்கள் தன்னிடம் கேட்பதை ஹோகன் கண்டார். அந்த அக்டோபரில் ஹாலந்தின் தேசிய அணியை ஓர் ஆட்டத்துக்கு மட்டும் பொறுப்பேற்று நடத்தினார். ஜெர்மனிக்கு எதிரான ஆட்டம். ஹாலந்து 2-1 என்று வென்றது.

*

அடுத்த அழைப்பு வியன்னாவிலிருந்து வந்தது. ஆஸ்திரியக் கால்பந்தின் தந்தை எனப்படும் ஹ்யூகோ மைஸ்ல், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்ஸுக்கு ஆயத்தம் செய்ய ஆறு வாரங்களுக்கு அவரை வரவழைத்தார். முதல் சில நாட்கள் சரியாக அமையவில்லை. ஹோகன் சொன்னது வியன்னாக்காரர்களுக்குப் புரியவில்லை. இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். மைஸ்ல் பல மொழிகள் அறிந்தவர். ஹோகனுக்குப் பந்தின் மொழி தெரியும். பந்தைத் தரையோடு தரையாகச் சிறு தூரங்களுக்குத் தட்டிக்கொடுப்பது, கொடுத்தவன் நின்றுவிடாமல் காலியிடம் நோக்கி நகர்வது, எந்த உயரத்தில் வரும் பந்தையும் ஒரே தொடுகையில் அடக்குவது, இரண்டு கால்களையும் சமமாகப் பழக்குவது: இவையே பாடத்திட்டம். ஓட்டப் பயிற்சியும் பந்தோடுதான். சொல்லிவிட்டு ஒதுங்கும் ஆசிரியரல்ல ஹோகன். ஒவ்வொன்றையும் தானே செய்து காட்டுவார்.

1916 பெர்லின் ஒலிம்பிக்ஸை மனத்தில் வைத்து மைஸ்ல் அவரை 1914இல் மீண்டும் அழைத்தார். ஹோகன் மனைவி மக்களோடு வியன்னாவில் குடியேறினார். சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது. அவர் இப்போது எதிரி நாட்டுப் பிரஜை. போலீசார் வீட்டுக்கு வந்து கைது செய்தார்கள். மனைவியும் குழந்தைகளும் 1915இல் இங்கிலாந்து திரும்ப அனுமதிக்கப்பட்டார்கள். ஹோகன் தடுப்பு முகாமுக்கு அனுப்பப்பட இருந்தார். வியன்னாவில் பெரிய கடை ஒன்றை நடத்தி வந்த பிளைத் என்ற ஆங்கிலேயச் சகோதரர்கள் அவருக்காகப் பிணை நின்று மீட்டார்கள். ஒன்றரை வருடம் அவர்கள் வீட்டில் சின்னச் சின்ன வேலைகள் செய்துகொண்டு, அவர்களுடைய குழந்தைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டு காலம் தள்ளினார்.

இந்தச் சமயத்தில்தான் புடாபெஸ்ட் நகரின் எம்.டி.கே. கழகம் அவரைப் பற்றிக் கேள்விப்பட்டது. நகரத்து யூத நடுத்தர வர்க்கத்தினரின் ஆதரவில் வளர்ந்த கழகம் அது. அதன் துணைத்தலைவரான திர்ஸ்தாய் பிரபு கேம்பிரிட்ஜில் படித்தவர். அவர் தன் செல்வாக்கைப் பயன்படுத்தி 1916இல் ஹோகனைப் புடாபெஸ்டுக்குக் கொண்டுவந்தார். ஒழுங்காகக் காவல் நிலையத்தில் போய்க் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை.

கழகத்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் போர்முனைக்குப் போய்விட்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஹோகன் சிறுவர்கள் பக்கம் திரும்பினார். ஒருநாள் ஆங்கோல் பார்க் என்ற பூங்காவைக் கடந்து போகையில் பையன்கள் சிலர் பந்து உதைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நின்றார். அவர்களில் இருவர் அவர் கண்ணை விட்டு அகலவில்லை. ஒருவன் ஜ்யோர்ஜ் ஓர்த், மற்றவன் யோஜெஃப் பிரௌன். இருவருக்கும் பதினைந்து வயது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். பள்ளி விட்டதும் அவர்களை மைதானத்துக்கு வரச்செய்து பாடம் தொடங்கினார். ஹோகன் பிற்காலத்தில் இவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் கிடைத்தற்கரிய பொருளைக் கண்டெடுத்தவரின் தொனி இருந்தது.

உலகத்தின் பாதி தன்னைத்தானே கொன்றுகொண்டிருந்த வருடங்கள் அவை. எதிரி நாட்டுப் பிரஜையான ஒருவர், மாலை நேரங்களில், இரண்டு பள்ளிச் சிறுவர்களுக்குப் பந்தை மார்பில் வாங்கிக் காலடியில் இறக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரைத் துரோகி என்றவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய காட்சி இதுதான்.

1916-17 பருவத்தில் எம்.டி.கே. லீக் பட்டத்தை வென்றது. தொடர்ந்து 1924-25 வரை ஒன்பது பருவங்கள் அந்தப் பட்டம் வேறு யாருக்கும் போகவில்லை. ஹோகன் போர் முடிந்தவுடனேயே புறப்பட்டுவிட்டார் என்பதைச் சேர்த்து எண்ண வேண்டும். ஓர்த் ஹங்கேரியின் மிகச்சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரானார். பின்னர் பயிற்சியாளராகி 1930இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் சிலி அணியை நடத்தினார். பிரௌனும் தேசிய அணிக்கு ஆடிப் புகழ்பெற்றார். யூதராகப் பிறந்த குற்றத்துக்காக இரண்டாம் உலகப்போரின்போது கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டு 1943இல் மாண்டார்.

*

1918இல் போர் முடிந்து ஊர் திரும்பிய ஹோகனிடம் பணமில்லை. போரினால் பாதிக்கப்பட்ட தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு உதவ இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்தில் ஒரு நிதி இருப்பதாகவும், விண்ணப்பித்தால் 200 பவுண்டு கிடைக்கக்கூடும் என்றும் கேள்விப்பட்டார். ஐந்து பவுண்டு கடன் வாங்கி லண்டனுக்குப் போனார். சங்கத்தின் செயலாளர் பிரெடெரிக் வால் அவரிடம் மூன்று ஜோடிக் காக்கிக் காலுறைகளைக் கொடுத்தார். போர்முனையில் இருந்த நம் பையன்களுக்கு இவற்றைத்தான் அனுப்பினோம், அவர்கள் நன்றியோடு வாங்கிக்கொண்டார்கள் என்றாராம்.

இந்தச் சம்பவத்துக்கு ஹோகனின் வாக்குமூலமே ஆதாரம். சொற்கள் முன்பின்னாக இருக்கலாம். ஆனால் அந்தக் காலுறைகளின் பொருள் அவருக்கு உடனே விளங்கிவிட்டது: மற்றவர்கள் சண்டையிட்டுச் செத்தபோது நீ எதிரியின் ஊரில் பந்து விளையாடிக்கொண்டிருந்தாய். சிறைப்பட்டவன் தன் விருப்பத்தால் அங்கே இருக்கவில்லை என்ற சின்ன உண்மை அந்த அலுவலக மேசைக்கு எட்டவில்லை. ஹோகன் அதை ஆயுள் முழுவதும் மறக்கவில்லை. லிவர்பூலில் ஒரு புகையிலைத் தொழிற்சாலையில் சிறிது காலம் வேலை பார்த்தார். பிறகு மீண்டும் கடல் கடந்தார்.

சுவிட்சர்லாந்து, இரண்டாம் முறையாகப் புடாபெஸ்ட், அதன்பின் ஜெர்மனி. ஜெர்மனியில் விரிவுரை ஒன்றின்போது அவருடைய தட்டுத்தடுமாறிய ஜெர்மன் மொழியைக் கேட்டு அவை சிரித்தது. ஹோகன் பத்து நிமிட இடைவேளை அறிவித்தார். உள்ளே போய் ஆட்ட உடையில் திரும்பி வந்தார். காலணியையும் காலுறையையும் கழற்றினார். உங்கள் ஆட்டக்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாது என்று சொல்லி, தூரத்தில் இருந்த மரப்பலகையை நோக்கி வெறும் வலக்காலால் உதைத்தார். திரும்பி வந்த பந்தை இடக்காலால் உதைத்தபோது பலகை இரண்டாகப் பிளந்ததாகச் சொல்வார்கள். பலகை உண்மையில் பிளந்ததோ இல்லையோ, சிரிப்பு நின்றிருக்கும். அந்த ஆண்டுகளில் டிரெஸ்டன் நகரில் அவரிடம் பயின்ற சிறுவர்களில் ஒருவன் பெயர் ஹெல்முட் ஷோன்.

1930களின் தொடக்கத்தில் மைஸ்ல் உருவாக்கிய ஆஸ்திரிய அணியை ஐரோப்பா வியந்து பார்த்தது. 1932 டிசம்பரில் அந்த அணி லண்டன் வந்து இங்கிலாந்திடம் 4-3 என்று தோற்றது. தோற்றாலும், அன்றைய ஆட்டத்தின் நேர்த்தியைப் பத்திரிகைகள் வியந்து எழுதின. அணியைத் தயார்செய்து அழைத்து வந்தவர்களில் ஹோகனும் ஒருவர். இதன் பிறகாவது அவர் தேவை என்று தாய்நாட்டுக்குத் தோன்றியது போலும். 1934இல் ஃபுல்ஹாம் கழகம் அவரை நிர்வாகியாக அமர்த்தியது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சம்பளம் வாங்கி ஆடுகிற எங்களுக்கு ஆட்டத்தைக் கற்பிக்க ஒருவர் எதற்கு என்பது அவர்கள் வாதம். ஒரு பருவம் முழுமையடைவதற்குள், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்தபோது, அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அவர் வியன்னாவுக்கே போனார். 1936 பெர்லின் ஒலிம்பிக்ஸில் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு இடமில்லை. ஆகவே ஆஸ்திரியா அமெச்சூர்களைக் கொண்ட அணியை அனுப்பியது. அந்த அணியின் பயிற்சியாளர் ஹோகன். கால் இறுதியில் பெருவிடம் 4-2 என்று தோற்றார்கள். பார்வையாளர்கள் மைதானத்துக்குள் புகுந்ததைக் காரணம் காட்டி மறு ஆட்டம் நடத்த உத்தரவாயிற்று. பெரு மறுத்து வெளியேறியது. ஆஸ்திரியாவின் வெள்ளிப் பதக்கத்தில் இந்தக் கறை இருக்கவே செய்கிறது. ஆனால் அரையிறுதியில் போலந்தை வென்றதும், இறுதியாட்டத்தில் இத்தாலியோடு கூடுதல் நேரம்வரை நின்று 2-1 என்று தோற்றதும் அந்த அமெச்சூர்களின் சொந்தச் சம்பாத்தியம். இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் மைஸ்லுடன் உட்கார்ந்து வகுத்த பாடத்தையே அவர் அவர்களுக்கும் நடத்தினார்.

*

ஹோகன் கதையைச் சொல்பவர்கள் ஒரு மிகையில் விழுவதுண்டு. மத்திய ஐரோப்பியக் கால்பந்து முழுவதும் அவர் ஒருவரின் கைவேலை என்பார்கள். அது சரியல்ல. எம்.டி.கே. கழகத்தில் அவருக்கு முன்பே, 1911 முதல் 1913 வரை, ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் டெய்ட் ராபர்ட்சன் பயிற்சி அளித்திருக்கிறார். தட்டிக்கொடுத்து ஆடும் முறையே ஸ்காட்லாந்தில் பிறந்ததுதான். 1953இல் இங்கிலாந்தைத் திகைக்க வைத்த உத்தி, அதாவது நடு முன்கள வீரரைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துவது, ஹங்கேரியின் மார்தோன் புகோவி எம்.டி.கே.யில் வளர்த்தெடுத்தது. வெம்ப்ளியில் வென்ற அணியை உருவாக்கிய குஸ்தாவ் ஷெபேஷ், தாங்கள் ஹோகன் சொல்லித்தந்தபடியே ஆடியதாகச் சொன்னார் என்பது உண்மை. நன்றியுள்ளவர்கள் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே திருப்பிக் கொடுப்பார்கள்.

எனில் ஹோகன் கொடுத்தது என்ன? உத்தியை அல்ல, உத்திக்கு முந்தியதை. பந்து காலுக்கு வரும்போது பதறாதவன்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசிக்க முடியும். அந்தப் பதறாமையைக் கற்பிக்கலாம், அதைப் பதினைந்து வயதில் கற்பிப்பது நல்லது என்பது அவர் கண்டுபிடிப்பு. தேர்ந்த ஆட்டக்காரர்களிடம் அவர் பெரும்பாலும் தோற்றார். மாணவர்களிடமும், பகலில் வேறு வேலை பார்த்து மாலையில் ஆட வந்தவர்களிடமும், சிறுவர்களிடமும் வென்றார். கற்கத் தயாராக இருப்பதற்கு, இன்னும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆட்டத்தைக் கண்டுபிடித்த நாட்டுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

இங்கிலாந்திலும் அவர் முற்றிலும் தோற்றார் என்று சொல்வதற்கில்லை. 1936இல் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியிருந்த ஆஸ்டன் வில்லாவை ஏற்று, 1938இல் அதன் முதலிடத்துக்குக் கொண்டுவந்து மேலே ஏற்றினார். அதே ஆண்டு கோப்பையின் அரையிறுதிக்கும் அழைத்துச் சென்றார். மறு ஆண்டே இன்னொரு போர் வந்து லீக் நின்றது. ஒரு போர் அவரை ஆசிரியராக்கியது. மற்றொன்று அவர் ஊரில் வேரூன்றும் வாய்ப்பைப் பறித்தது. போருக்குப்பின் கிளாஸ்கோவின் செல்டிக் கழகத்தில் சிலகாலம் பயிற்சி அளித்தார். மூத்த ஆட்டக்காரர்கள் கிழவரைக் கேலி செய்தார்கள். அங்கே இளைஞராக இருந்த டாமி டோச்சர்டி மட்டும் கவனித்துக் கேட்டார். பிற்காலத்தில் ஸ்காட்லாந்து, மான்செஸ்டர் யுனைடெட் அணிகளை நடத்திய அவர், ஹோகனுக்கு நிகரான பயிற்சியாளரைத் தான் கண்டதில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கடைசியாக ஹோகன் வந்து சேர்ந்த இடம், வில்லாவின் இளைஞர் அணி. அங்கிருந்துதான் வெம்ப்ளிக்குப் பையன்களை அழைத்துப் போனார்.

மைதானத்தில் அன்று அவர் என்ன நினைத்திருப்பார் என்று யோசிக்காமல் இருக்க முடிவதில்லை. தன் நாடு தோற்கிறது. தன் பாடம் வெல்கிறது. எதிரிக்கு விற்றார் என்றவர்கள், அதே சரக்கை அவர் தங்கள் வாசலுக்கும் பலமுறை கொண்டுவந்ததை மறந்துவிட்டார்கள். வில்லாவின் பையன்களை அவர் அங்கே கூட்டி வந்ததே துரோகம் என்ற பேச்சுக்குப் போதுமான பதில். எழுபத்தொரு வயதில், நாடு தோற்றுக்கொண்டிருந்த அந்த மாலையில்கூட, அவர் ஆங்கிலேயச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

ஹோகன் 1974 ஜனவரி 30 அன்று, தொண்ணூற்றொரு வயதில், பர்ன்லியில் இறந்தார். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஹான்ஸ் பாஸ்லாக் அவருடைய மகனுக்குக் கடிதம் எழுதினார். ஜெர்மனியில் நவீனக் கால்பந்தைத் தொடங்கி வைத்தவர் உங்கள் தந்தையே என்றது அந்தக் கடிதம். அதே ஆண்டு ஜூலை 7 அன்று மியூனிக்கில் உலகக் கோப்பை இறுதியாட்டம் நடந்தது. அதற்கு இங்கிலாந்து தகுதியே பெற்றிருக்கவில்லை. ஆடியவை மேற்கு ஜெர்மனியும் ஹாலந்தும். 1910இல், தன் முதல் வருடத்தில், ஹோகன் பொறுப்பேற்று நடத்திய ஒரே ஹாலந்து ஆட்டத்திலும் இவ்விரு நாடுகளே மோதின. இம்முறை 2-1 என்று ஜெர்மனி வென்றது. வென்ற அணியின் பயிற்சியாளர் ஹெல்முட் ஷோன்.